ராசவள்ளி வேகிற நேரம்

கிழங்கை வெட்டிய பிறகுதான் உறைத்தது. இதை வேக வைக்கணும். பச்சையாக மிக்ஸியில் அடித்துக் கொடுக்க முடியாது, தொண்டை அரிக்கும், இப்போதே என் விரலெல்லாம் நமநம என்கிறது. வேக வைக்கணும்னா அடுப்பு வேணும், இந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சாவு விழுந்த வீட்டில் உலை வைக்க மாட்டார்கள், அடக்கம் முடிகிற வரைக்கும் சொந்தக்காரர் வீட்டுச் சோறுதான், எங்கள் கடற்கரையில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட அது தெரியும். ஆனால் இது சாவு வீடு என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. ஏனென்றால் செத்தது நெவில் அண்ணன். கப்பலில் ஏணியிலிருந்து சரக்கு அறைக்குள் விழுந்துவிட்டான், உடம்பு பெயர் வாயில் நுழையாத ஒரு துறைமுகத்தில் கிடக்கிறது, எப்போது வரும் என்று கேட்டால் ஏஜென்ட் பேப்பர் பேப்பர் என்கிறான். அவன் பொண்டாட்டி பெபியோலா மைனி பக்கத்து அறையில் ஃபேனுக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்திருக்கு. எட்டு மாசம். அதற்கு எதுவும் தெரியாது. முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது, இப்போது பிரஷர் வேறு, அதிர்ச்சியாக எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அதனால் பிள்ளை பிறக்கிற வரைக்கும் சொல்லக் கூடாது என்று கில்பர்ட் சித்தப்பா முடிவு பண்ணி, அம்மா தலையாட்டி, நானும் தலையாட்டினேன். யாரும் அழக் கூடாது. டிவி ஓடணும். கறுப்பு கட்டக் கூடாது. எல்லாம் சரி என்று கேட்ட அம்மா அடுப்பு விஷயத்தில் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டருக்கு மூடி போட்டாள், மைனியிடம் கேஸ் தீர்ந்துபோச்சு, புக் பண்ணியிருக்கு, பொங்கல் லீவு, வண்டி வரலை என்றாள். எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வாளாம், அடுப்பு மட்டும் பற்ற வைக்க மாட்டாளாம். என்னம்மா இது என்று கேட்டதற்கு, அது வேற இது வேற, வாய மூடு என்றாள். எது வேற. எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும் நான்தான் இப்போது கத்தியோடு நிற்கிறேன், கிழங்கு ரெண்டாகப் பிளந்து கிடக்கிறது, உள்ளே அந்த ஊதா, மை கொட்டின மாதிரி.

காலையில் வாசலில் வந்த தள்ளுவண்டியில் மைனியே வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துச்சு. "ஏல ஆல்ட்ரின், ஒங்கண்ணன் சொல்லிக் குடுத்தான்லா, அந்த ஊதா ஜூஸு, அது போட்டுத் தா. நாக்கு கேக்கு." அம்மா அப்போது வாசல் பக்கம் நின்றாள், மாதா கோயிலுக்குப் போக. சாமியாரைப் பார்த்து அடக்கத்துக்குப் பேச வேண்டும், அதை மைனியிடம் நேர்ச்சை என்று சொல்லியிருந்தாள். ஒங்கண்ணன் என்ற சொல் விழுந்ததும் அம்மா முகம் எப்படியோ போய் உடனே திரும்பி வந்தது. இந்த ரெண்டு மூணு நாளாக அந்த முகம் இப்படித்தான் போய்ப் போய் வருகிறது. மாசமாயிருக்கிறவள் வாய் திறந்து கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது, அதனால், "போட்டுக் குடுல, ஜூஸுதானே, மிக்ஸில ஒரு அடி அடிச்சா போச்சு," என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். ஜூஸ் என்றால் பச்சையாகவே ஆகிவிடும் என்று அவள் நினைப்பு. நானும்தான் யோசிக்கவில்லை. அந்த ஜூஸை நான் போனில் பார்த்ததோடு சரி. இது நம் ஊர் சர்பத் இல்லை, பிலிப்பைன்ஸ்காரனும் மெக்சிகோக்காரனும் சண்டை போட்டு உண்டானது.

அண்ணன் கப்பலில் சாப்பாட்டு அறையில் பரிமாறுகிற வேலை. சமையல்காரன் ரோமெல், பிலிப்பைன்ஸ். இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற பெத்தோ, மெக்சிகோ. ஒருநாள் வீடியோ காலில் அண்ணன் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டினான், எல்லாம் ஊதாவாக ஜாம் மாதிரி. "இது என்னன்னு சொல்லு பாப்போம்." மைனி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஐய, ராசவள்ளிக் கெழங்கு," என்றது. பின்னால் ரோமெல் அவன் ஊர்ப் பேரைச் சொல்லி ஊபே ஊபே என்று கத்தினான். "இவன் நாட்டுல மட்டும்தான் வெளையுதுன்னு இவ்வளவு நாளா பீத்திக்கிட்டிருந்தான்டே. ஒங்க மைனி ஒரு பார்வையில மண்ண அள்ளிப் போட்டுட்டா," என்று அண்ணன் சிரித்தான். சிரிக்கும்போது அவனுக்கு ஒரு பக்கம்தான் சிரிப்பு வரும், மறுபக்கம் சும்மா இருக்கும். அதை நினைக்கக் கூடாது. பெத்தோவுக்கு அவன் அம்மா போடுகிற அரிசித் தண்ணிதான் உசிர், அரிசியைப் பட்டையோடு ஊற வைத்து அரைத்து வடிகட்டி சீனி போட்டு ஐஸ் போட்டுக் குடிப்பானாம், ஓர்ச்சாத்தாவோ என்னவோ பேர். அரிசி கழுவின தண்ணிய எங்க ஊர்ல மாட்டுக்கு ஊத்துவோம்னு சொல்லு அவன்ட்ட, என்றேன் நான். "வாய மட்டும் நல்லா வளத்து வச்சிருக்க, படிப்பத்தான் விட்டுட்ட," என்றான் அண்ணன். அவன் எப்போதும் அதில்தான் வந்து நிற்பான். பதினொன்றாம் வகுப்பில் நின்றேன், எனக்கு அந்த பெஞ்சில் உட்கார முடியவில்லை, ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன், அவ்வளவுதான், அதற்கு ஏன் எல்லாரும் காரணம் தேடுகிறார்கள். ஒருநாள் ரோமெல் தேங்காய்ப் பாலும் ஊதாவும் கலந்து ஒன்று போட்டிருக்கிறான், பெத்தோ அவனுடையதைப் போட்டிருக்கிறான், எது நல்லாயிருக்கு என்று ரெண்டு பேரும் அண்ணனைக் கேட்டு உயிரை வாங்க, இவன் ரெண்டையும் ஒரே ஜக்கில் ஊற்றிக் கலக்கிவிட்டான். "ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காம குடிச்சானுக. அப்புறம் ரெண்டு பேரும் கிளாஸ நீட்டுனானுக." அதை அவன் சொன்னபோது மைனி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. வயிறு அப்போது சின்னது.

அரிசியிலேயே ஒரு தடவை கெடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அரிசி என்றால் புழுங்கல்தான், கை தானாக அந்த டின்னுக்குள் போய்விட்டது, ஊற வைத்து அரைத்து முகர்ந்தால் கழனித்தொட்டி வாசம். கொட்டிவிட்டு ஆப்பத்துக்கு வைத்திருந்த பச்சரிசியை எடுத்தேன். பட்டையைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணியில் ஊற வைக்கச் சொல்லியிருந்தான் அண்ணன், வெந்நீருக்கு எங்கே போக, வெயிலில் வைத்தேன். அப்போதும் எனக்குக் கிழங்கு ஞாபகம் வரவில்லை பாருங்கள். மிக்ஸியில் அரைத்து டீ வடிகட்டியில் வடிகட்டி வைத்திருக்கிறேன், வெள்ளையாக, பட்டை வாசத்தோடு, குடித்துப் பார்த்தேன், சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணனிடம் சொல்லியிருக்கலாம், மாட்டுக்கு ஊத்துறது இல்லடே, நல்லாத்தான் இருக்கு என்று. இப்படித்தான் வருகிறது. எதை எடுத்தாலும் அவனிடம் சொல்லணும் என்று முதலில் வருகிறது, அப்புறம்தான் மற்றது வருகிறது, ரெண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அந்த இடைவெளியில் அவன் இருக்கிறான், நன்றாக இருக்கிறான், பரிமாறிக்கொண்டிருக்கிறான். ஃப்ரிட்ஜில் தட்டில் ஐஸ் இருக்கிறது. நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், அந்த ஐஸ் மீனுக்கு, குடிக்க ஆகாது, பாளம் பாளமாக மெஷினுக்குள் தள்ளி உடைத்து மீன்பிடிப் படகுக்குள் கொட்டுவோம், மீன் கெடாமல் கரை சேர. கெடாமல் கரை சேர. அவனையும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். சே. ஏன் இதெல்லாம் வருகிறது. மனசுக்கு ஒரு மூடி இருந்தால் சிலிண்டருக்குப் போட்ட மாதிரி போட்டுவிடலாம்.

கிழங்கை என்ன செய்ய. சித்தி வீட்டுக்குக் கொண்டு போய் வேக வைத்து வரலாம், ரெண்டு தெரு, ஆனால் மைனியை விட்டு நகரக் கூடாது என்பது சித்தப்பா உத்தரவு. யாராவது விவரம் இல்லாதவர்கள் துக்கம் கேட்க வந்து வாசலிலேயே ஓவென்று ஆரம்பித்துவிட்டால். அதற்குத்தான் என்னைக் காவலுக்கு வைத்தது. மைனி போனையும் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று வாங்கி வைத்தாயிற்று. அது கேட்டால் நான் சொல்ல வேண்டியதையும் சித்தப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார், ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்: கப்பல் சிக்னல் இல்லாத கடல்ல போய்க்கிட்டிருக்கு, கரை வந்ததும் பேசுவான். "அவ கண்ணப் பாத்துச் சொல்லு. தரையப் பாக்காத. நீ தரையப் பாத்தா முடிஞ்சுது." இதுவரைக்கும் மைனி என்னைக் கேட்கவில்லை. அம்மாவைத்தான் கேட்டது, அம்மா சொன்னாள். என்னைக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று ராத்திரி பகலாக அதுதான் ஓடுகிறது. சொன்னால் பிள்ளை போய்விடும். ஒரு சொல்லுக்கு ஒரு பிள்ளை போகுமா. முதல் பிள்ளை ஒன்றுமே கேட்காமல்தான் போச்சு, மைனி அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தது, அண்ணன் லீவு கிடைக்காமல் போனிலேயே அழுதான், நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரிகிற மாதிரி, கை வலிக்க வலிக்க. இந்தப் பிள்ளையும் போனால் நெவில் அண்ணனில் மிச்சம் எதுவும் இருக்காது. அது என் வாயில் இருக்கிறது. என் வாய்க்குள் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நடமாடுகிற மாதிரி. துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை, அரிப்பு வேறு.

கிழங்கைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் அரிசித் தண்ணியைக் கொடுக்கலாம். ஊதா எங்கலே என்று கேட்கும். அழுகிப்போச்சு மைனி என்று சொல்லணும். இன்னொரு பொய். இந்த வீட்டில் இன்னொரு பொய்க்கு இடமில்லை, சுவர் வெடிச்சிரும். பசித்த பொம்பளை ஒரு கிளாஸ் ஜூஸ் கேட்டிருக்கிறது, புருசன் சொல்லிக் கொடுத்த ஜூஸ், அதைக்கூடக் கொடுக்க முடியாமல் எந்தச் செத்தவனுக்கு என்ன மரியாதை. அண்ணன் இருந்தால் அம்மாவைத் தள்ளிவிட்டு அவனே பற்ற வைத்திருப்பான். நான் எட்டிப் பார்த்தேன், மைனி கண் மூடியிருந்தது, வயிறு ஏறி இறங்கியது. அரிவாமனைக்குப் பக்கத்தில் ரெகுலேட்டர் கிடந்தது. சிலிண்டர் மூடியை எடுத்து ரெகுலேட்டரை அழுத்தினேன், டக்கென்று ஒரு சத்தம், எனக்கு அது தெரு முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது. கதவை முக்கால் சாத்தினேன். லைட்டரைத் தட்டினால் சத்தம் வரும் என்று தீப்பெட்டி. நீலமாக எரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. இத்தனை நாளாக எரியாத இடத்தில் நெருப்பைப் பார்த்ததும் எனக்கு ஏனோ கண்ணில் தண்ணி வந்தது, புகைகூட இல்லை, கேஸ் அடுப்பு. துண்டு துண்டாக வெட்டிக் குக்கரில் போட்டு, தண்ணி ஊற்றி, மூடி போட்டு. தோலை உரித்து மசிக்கணும், தேங்காய்ப் பால் பிழியணும், சீனி, ஒரு கல் உப்பு போடச் சொன்னான், உப்பு போட்டாத்தான்டே இனிப்பு தெரியும். ஜக்கின் அடியில் ஊதா, மேலே அரிசிப் பால், நடுவில் ஐஸ், கலக்காமல் கொடுக்கணும், குடிக்கிறவங்களே கலக்கிக்கிடணும். மைனி கலக்கும், குடிக்கும், ஒங்கண்ணன் பரவாயில்லலே என்று சொல்லும், அப்போது நான் எங்கே பார்க்க. தரையைப் பார்க்கக் கூடாது. கூரையைப் பார்க்கலாமா, கூரையைப் பற்றிச் சித்தப்பா எதுவும் சொல்லவில்லை. இப்படி என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டிருந்த நான் ஒன்றை நினைக்கவில்லை. குக்கருக்கு வெயிட் போட்டிருந்தேன். பழக்க தோசத்தில் கை போட்டிருக்கிறது. விசில் வந்தது. நீளமாக, முழு விசில்.

ஓடிப்போய் வெயிட்டைத் துணியால் அமுக்கினேன், கை சுட்டதுதான் மிச்சம். திரும்பினால் கதவைத் திறந்துகொண்டு மைனி நிற்குது. நிலையைப் பிடித்துக்கொண்டு, தலை கலைந்து. அடுப்பைப் பார்த்துச்சு, என்னைப் பார்க்கவில்லை.

"கேஸ் வந்துட்டால?"

"ம்."

பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியாத ஒரு ம். மைனி மெதுவாக வந்து காலால் சிலிண்டரை ஒரு தட்டு தட்டிச்சு. கும்மென்றது, நிறைஞ்ச சத்தம்.

"அதே சிலிண்டரு," என்றது.

"உக்காருங்க மைனி."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது. நிக்கேன்." மூச்சு வாங்கி, "சித்தி வீட்டுல இருந்து சாம்பாரு. நேத்தும் சாம்பாரு. அதுக்கு முந்தி பருப்புத் தண்ணி. மீன்காரி வாசல்ல வந்து கத்துதா, ஒங்கம்மா போய்க் கதவச் சாத்துதாக. நான் எங்கல பொறந்தேன், காட்டுலயா? எனக்கும் கடக்கரதான்."

நான் சுட்ட கையைக் குழாய்த் தண்ணியில் காட்டினேன்.

"ஜூஸும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் எனக்கு. கேஸு நெசமாவே தீந்துட்டா, இல்ல அணைச்சு வச்சிருக்காகளான்னு பாக்கணும். ஒங்கம்மா செத்தாலும் பத்த வைக்க மாட்டாக. நீ பத்த வைப்ப. அதுக்குத்தான் கெழங்கு வாங்குனேன்."

இத்தனை நேரம் நாக்கு கேட்கிறது நாக்கு கேட்கிறது என்று நான் அரைத்துக்கொண்டிருந்தது இதற்குத்தானா. எனக்குக் கோபம்கூட வந்தது ஒரு நொடி. அடுத்த நொடி அது சொன்னதில் கோபம் போய்விட்டது.

"மொதல்ல எங்கப்பாவோன்னு நெனச்சேன். நெஞ்சு வலிக்காரரு. மாதாவே, எங்கப்பாவா இருக்கட்டும்னு வேண்டுனேன்ல. பெத்த அப்பன. படுத்துக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, அதையே வேண்டுனேன்." வயிற்றுக்கு மேல் கையை வைத்துக்கொண்டது. "அப்புறம் யோசிச்சேன். எங்கப்பா செத்தா ஒங்கம்மா எதுக்கு அடுப்ப அணைக்கணும்?"

"மைனி..."

"சொல்லு. ஒங்கண்ணன் எங்க இருக்கான்?"

வந்துவிட்டது. கப்பல் சிக்னல் இல்லாத கடல்ல. அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, முழுசாக, ஒரு சொல் குறையாமல். மைனி கண்ணைப் பார்த்தேன். சித்தப்பா சொன்னபடி நேராகப் பார்த்தேன், தரையைப் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் திறக்கவில்லை. குக்கர் உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் மைனி தலையை ஆட்டிச்சு, சரி என்கிற மாதிரி, கடைக்காரனிடம் விலை கேட்டுவிட்டு ஆட்டுகிற மாதிரி. சமையல் மேடையை ரெண்டு கையாலும் பிடித்துக் குனிந்தது. விழப் போகுது, போச்சு, எல்லாம் போச்சு என்று ஓடிப் போய் முதுகைப் பிடித்தேன். முதுகு நடுங்கியது, சத்தம் வரவில்லை. நைட்டிக்குள் ஏதோ ஒன்று புரண்டது, பக்கவாட்டில், குழந்தையின் முட்டியோ முழங்கையோ. நான் அதையே பார்த்தேன். புரளுது. இன்னும் புரளுது.

தெரு முனையில் ஆட்டோ சத்தம். சித்தப்பா ஆட்டோவுக்கு ஒரு இருமல் உண்டு, வளைவில் இருமும். மைனி நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டது. என்ன பொம்பளை. அந்த நேரத்தில் அதன் குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

"அணைச்சிரு. ரெகுலேட்டரக் கழத்தி மூடியப் போடு. சன்னலத் தொற, வாசம் போட்டும்."

"மைனி, அம்மாட்ட நான்..."

"ஒண்ணும் சொல்லாத. அவுக பெத்த புள்ளையப் பறிகுடுத்துட்டு என் மொகத்தப் பாத்துப் பாத்து சிரிக்காக. எனக்குத் தெரிஞ்சிட்டுன்னா இந்த வயித்துக்கு என்ன ஆவுமோன்னு அதுலயே செத்துருவாக. பொறக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் தூங்குதேன். வெளங்குதா? அணைல, சீக்கிரம்."

போய்ப் படுத்துக்கொண்டது. அதே மாதிரி ஒருக்களித்து, சுவரைப் பார்த்து. எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. இனி அம்மா இதற்காகச் சிரிப்பாள், இது அம்மாவுக்காகத் தூங்கும், ரெண்டு பேரும் ஒரே ஆளுக்காக அழ வேண்டியவர்கள், நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவராக நான் நிற்கணும். பிள்ளை பிறக்கிற வரைக்கும். அண்ணன் உடம்பு வந்தால்கூட ஒளித்துப் புதைப்பார்கள் போல. கேட் திறக்கிற சத்தம். அம்மா செருப்பைக் கழற்றுகிறாள், ஒன்று, இன்னொன்று. சித்தப்பா ஏதோ சொல்ல அம்மா, உஷ், அவ தூங்குவா, என்கிறாள். கிழங்கு வெந்த வாசம் வீடு முழுக்க நிற்கிறது, இனிப்பாக, மண் வாசத்தோடு. என் கை அடுப்புத் திருகின் மேல் இருக்கிறது. வலது பக்கம் ஒரு திருப்பு, அவ்வளவுதான் வேலை. அம்மா காலடி நடு அறைக்கு வந்து நின்றுவிட்டது. அவள் மூச்சை இழுப்பது கேட்டது. குக்கர் அடுத்த விசிலை எழுப்பியது, நான் அமுக்கவில்லை, முழுசாகக் கத்தட்டும் என்று விட்டேன். அணைச்சிரு என்று மைனி சொல்லுச்சு. நான் அணைக்கவில்லை.